ஒரே பெயர், இரண்டு சிலைகள்: சிடாக் சிஆர்எம்மில் பொருளின் நிலைத்த அடையாளத்தைப் பதிவது எப்படி?

கும்பகோணத்துக்கு அருகே சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்குள்ளிருந்து செப்புத்திருமேனிகள் சில வெளிப்பட்டன. 10ஆம் நூற்றாண்டு நடராசர் அவற்றில் ஒருவர். புதையல் சட்டப்படி அரசின் கைக்கு வந்து, பிறகு ஊர்ச் சிவன் கோயிலிடம் ஒப்படைக்கப்பட்டார். 1950களில் பழுதுபார்க்கவென்று சிலையை ஸ்தபதியிடம் கொடுத்தார்கள். திரும்பி வந்தது வேறொன்று. அச்சு அசலாக வார்த்த நகல், அதாவது படி, கோயிலுக்கு வர, மூலச் சிலை பம்பாய்ச் சேகரிப்பாளர் ஒருவரிடமும் நியூயார்க் வணிகர் ஒருவரிடமும் போய், 1973இல் கலிஃபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையை அடைந்தது. கோயிலில் இருப்பது புதிய படி என்று பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் 1965இலேயே அச்சில் எழுதிவிட்டார். வழக்கு 1976இல் சமரசமானது: உரிமை இந்தியாவுடையது, சிலையைப் பத்தாண்டுகள் அங்கே காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். 1986இல் நடராசர் நாடு திரும்பினார்.

இந்த வரலாற்றை வழக்கமான அருங்காட்சியக அட்டவணையில் ஏற்றினால் இரண்டாவது கட்டத்திலேயே கை நின்றுவிடும். பெயர்: சிவபுரம் நடராசர். இருப்பிடம்: 1965ஆம் ஆண்டுக்கு என்ன எழுதுவது? கோயிலில் ஒரு நடராசர் இருந்தார், அந்தப் பெயரால்தான் வழிபட்டார்கள். தனியார் கையில் இன்னொருவர் இருந்தார், மண்ணிலிருந்து வந்தவர் அவர்தான். ‘அது’ என்று எதைச் சொல்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் எந்தக் கட்டத்தையும் நிரப்ப முடியாது.

அந்த முடிவை எடுப்பதற்கும் பதிவதற்கும் இன்றுள்ள மிக உறுதியான கருவி சிடாக் சிஆர்எம். சர்வதேச அருங்காட்சியக மன்றமான ஐகாமின் ஆவணக் குழு உருவாக்கிய ஆன்டாலஜி, அதாவது வகுப்புகளையும் உறவுகளையும் வரையறுக்கும் தரவு மாதிரி, அது. 2006இல் ஐஎஸ்ஓ 21127 என்ற தரமாயிற்று. 2014இலும் 2023இலும் திருத்தப்பட்டது. அதில் ஒவ்வொரு வகுப்புக்கும் இ என்ற எழுத்தோடு ஓர் எண், ஒவ்வொரு உறவுக்கும் பி என்ற எழுத்தோடு ஓர் எண் உண்டு. இணையத் தரவுக்கான ஆர்டிஎஃப் முறையில் எழுவாய், உறவு, இலக்கு என்று மூன்று சொல் கொண்ட முக்கூற்றாகத் தரவை எழுதத் தெரிந்திருந்தால் கீழே உள்ளதைப் பின்தொடரலாம். சிவபுரம் நடராசரையே முழு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

படி 1. ‘அது’ எது?

சிஆர்எம் உலகை முதலில் இரண்டாகப் பிரிக்கிறது. வார்ப்பு, திருட்டு, விற்பனை, வழக்கு ஆகியவை நடப்பவை. இவை இ2 காலஞ்சார் உருபொருளின் கீழ் வரும். சிலை, ஆள், அறங்காவலர் குழு, பாட்டு, பெயர் ஆகியவை நிலைப்பவை. இவை இ77 நிலைத்த உருபொருளின் கீழ் வரும். நேற்றுப் பார்த்ததும் இன்று பார்ப்பதும் ஒன்றே என்று சொல்ல ஓர் அளவுகோல் இருந்தால்தான் ஒன்றை இ77 என்று பதியலாம். அந்த அளவுகோல் எல்லாவற்றுக்கும் பொதுவானதன்று, வகுப்புக்கு வகுப்பு மாறும். வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே அளவுகோலையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். அடையாளச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

மனிதர் ஆக்கிய பொருளான இ22க்கு அளவுகோல், வடிவம் சிதையாமல் தொடர்ந்து வரும் பருப்பொருள். காட்சி உருவான இ36க்கு உருவ அமைப்பே அளவுகோல். அதைத் தாங்கும் உலோகமோ தாளோ மாறினாலும் உரு அதேதான். குழுவான இ74இல் உறுப்பினர் இறந்து புதியவர் வந்தாலும் குழு தொடரும். சிலையை உருக்கினால் இ22 முடிந்துபோகும், ஆனால் புகைப்படங்களில் இருக்கும் இ36 முடிவதில்லை.

சிவபுரம் வழக்குக்குத் தனித்தனி அடையாளம் தர வேண்டியவை இவை:

பொருள்-1 (இ22): 1951இல் மண்ணிலிருந்து வந்த திருமேனி.
பொருள்-2 (இ22): 1950களில் வார்த்த படி.
உரு-1 (இ36): இரண்டும் காட்டும் ஆனந்த தாண்டவ வடிவம்.
பெயர்-1 (இ41): ‘சிவபுரம் நடராசர்’ என்ற சொற்றொடர்.
குழு-1 (இ74): கோயில் நிர்வாகம்.
கட்டடம்-1 (இ24): கற்கோயில்.
இடம்-1 (இ53): சிவபுரம் என்னும் ஊர்.

கடைசி மூன்றையும் ‘சிவபுரம் கோயில்’ என்ற ஒரே பதிவில் அடக்குவது மிகப் பரவலான தவறு. கட்டடம் வழக்குத் தொடுக்காது, ஊர் சிலையை ஒப்படைக்காது. மூன்றையும் கலந்தால் ‘1951இல் சிலை எங்கே இருந்தது’ என்ற கேள்விக்கும் ‘யாரிடம் இருந்தது’ என்ற கேள்விக்கும் ஒரே விடைதான் வரும்.

எட்டாவதாக ஒன்றும் உண்டு. அட்டவணைப் பதிவே ஓர் ஆவணம் (இ31). அது பொருளைப் பி70 மூலம் ஆவணப்படுத்துகிறது. பதிவை எழுதிய தேதி சிலையின் தேதி ஆகாது. பதிவில் பிழை இருந்தால் சிலையில் பிழை இருப்பதாக ஆகாது. இந்தப் பிரிவினை தொடக்கத்தில் வீண் வேலையாகத் தெரியும். படி 7இல் இது இல்லாமல் மீள வழியே இல்லை.

படி 2. அர்த்தம் ஏதும் சொல்லாத எண் கொடுங்கள்

ஒவ்வொன்றையும் இணையத்தில் தனித்துச் சுட்டும் யூஆர்ஐ முகவரிக்குள் ஊர், காலம், உரிமையாளர், பதிவேட்டு எண் எதையும் நுழைக்காதீர்கள். ‘சிவபுரம்-நடராசர்-சோழர்’ என்று முகவரி அமைத்தால், கால நிர்ணயம் மாறும் நாளில் முகவரி பொய் சொல்லும். ‘பொருள்-0417’ போன்ற வெறும் வரிசை எண் போதும். ஒருமுறை கொடுத்த எண்ணை வேறு பொருளுக்கு மறுபடி கொடுக்கவே கூடாது, பதிவு தவறென்று தெரிந்தாலும் கூடாது.

கோயில் சொத்துப் பதிவேட்டு எண், அருங்காட்சியகச் சேர்க்கை எண், காவல்துறை வழக்குப் பொருள் எண் எல்லாம் இ42 அடையாளக் குறிகள். ஒவ்வொன்றையும் கொடுத்தது ஓர் இ15 நிகழ்வு: யார் கொடுத்தார் (பி14), எப்போது (பி4), கொடுத்த குறி எது (பி37), அப்போது விலக்கிய பழைய குறி எது (பி38). நிறுவனம் மாறினால் குறிதான் மாறும், யூஆர்ஐ மாறாது.

படி 3. நிகழ்வுகளால் முதுகெலும்பு கட்டுங்கள்

ஒரு பொருள் எங்கே இருந்தது, யாரிடம் இருந்தது என்பதைப் பொருளின் மேல் ஒட்டாமல் நிகழ்வின் மேல் வைப்பதுதான் சிஆர்எம்மின் உயிர். பி55 தற்போதைய இருப்பிடம், பி50 தற்போதைய காப்பாளர், பி52 தற்போதைய உரிமையாளர் என்ற குறுக்குவழிகள் இருக்கின்றன. ‘தற்போதைய’ என்பது எழுதிய நாளைக் குறிக்கும். அந்த நாளோ முக்கூற்றில் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அது உண்மையா என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றாட வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நிகழ்வுகளிலிருந்து கணினியே கணக்கிட்டு நிரப்புமாறு செய்யுங்கள். கையால் நிரப்ப விடாதீர்கள்.

சிவபுரத்துக்கான முதுகெலும்பு:

நிகழ்வு-1, இ12 ஆக்கம். பி108 (ஆக்கியது) → பொருள்-1. காலம் 901 முதல் 1000 வரை.
நிகழ்வு-2, கண்டெடுப்பு, 1951. இடம்-1.
நிகழ்வு-3, இ10 காப்பு மாற்றம். அரசிடமிருந்து குழு-1க்கு. பி30 (காப்பு மாறிய பொருள்) → பொருள்-1.
நிகழ்வு-4, இ10. குழு-1இலிருந்து ஸ்தபதிக்கு, பழுதுபார்க்க. பி30 → பொருள்-1.
நிகழ்வு-5, இ12 ஆக்கம். பி108 → பொருள்-2. பி16 (மாதிரியாகப் பயன்பட்டது) → பொருள்-1.
நிகழ்வு-6, இ10. ஸ்தபதியிடமிருந்து குழு-1க்கு. பி30 → பொருள்-2.
நிகழ்வு-7 முதல், பொருள்-1இன் கைமாற்றங்கள், 1986 வரை.

நிகழ்வு-4க்கும் நிகழ்வு-6க்கும் நடுவில்தான் எல்லாமே நடந்தது. போனது பொருள்-1, வந்தது பொருள்-2. அன்று கோயிலில் இருந்த யாருக்கும் அது தெரியாது. ஆனால் தரவு மாதிரி, நடந்ததைச் சொல்ல வேண்டும், நம்பப்பட்டதை வேறாகச் சொல்ல வேண்டும்.

கண்டெடுப்புக்கு அடிப்படை சிஆர்எம்மில் தனி வகுப்பு இல்லை. அறிவியல் கண்காணிப்புக்கான நீட்சியில், அதாவது அடிப்படையோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுதியில், எஸ்19 சந்திப்பு நிகழ்வு இருக்கிறது. ஓ19 மூலம் கண்ட பொருளையும் ஓ21 மூலம் கண்ட இடத்தையும் இணைக்கலாம். நீட்சி வேண்டாமென்றால் இ7 செயலாகப் பதிந்து, ‘கண்டெடுப்பு’ என்று பி2 வகை கொடுத்து, பி12 (நிகழ்வில் உடனிருந்தது) மூலம் பொருளை இணையுங்கள். கண்டெடுப்பை ஆக்கமாகவோ இருப்பின் தொடக்கமாகவோ பதிவது கடும் பிழை. மண்ணுக்குள் இருந்த நூற்றாண்டுகளிலும் சிலை அதே சிலைதான். யார், எப்போது புதைத்தார் என்பதற்குச் சான்று இல்லாதபோது புதைப்பு நிகழ்வைக் கற்பித்து எழுத வேண்டியதில்லை. இரு நிகழ்வுகளுக்கு நடுவே நீண்ட மௌனம் இருப்பதில் தவறில்லை.

காலத்தைப் பதிவதில் ஒரு நுணுக்கம். ஒவ்வொரு இ52 கால அளவுக்கும் ‘இதற்கு முன் நடந்திருக்க முடியாது’ என்ற எல்லையும் ‘இதற்குப் பின் நடந்திருக்க முடியாது’ என்ற எல்லையும் கொடுங்கள். படியை வார்த்த ஆண்டு துல்லியமாகத் தெரியாவிட்டாலும் தர்க்கத்தால் எல்லை கட்டலாம். மாதிரியாக வைக்கப் பொருள்-1 கையில் வேண்டும், ஆகவே 1951க்கு முன் முடியாது. பாரெட் படியைப் பற்றி எழுதிவிட்டார், ஆகவே 1965க்குப் பின் முடியாது. ஸ்தபதியிடம் கொடுத்ததற்கு ரசீதோ தீர்மானமோ கிடைத்தால் எல்லையை இன்னும் இறுக்குங்கள். இதைத் தேதியாக எழுதும்போது கீழ் எல்லை 1951 ஜனவரி 1, மேல் எல்லை 1965 டிசம்பர் 31 நள்ளிரவுக்கு ஒரு நொடி முன். மேல் எல்லையை 1965 ஜனவரி 1 என்று விட்டுவிடும் மென்பொருள்கள் நிறைய உண்டு. ஓர் ஆண்டு முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

படி 4. மாறியதா, அழிந்ததா, வேறாயிற்றா?

ஒரு நிகழ்வுக்குப் பின் அதே எண் தொடருமா, புது எண் வேண்டுமா? சிஆர்எம் மூன்று வழி தருகிறது. எஞ்சிய பருப்பொருளை நீங்கள் பதியப்போவதில்லை என்றால் இ6 அழிவு மட்டும். பழையது அழிந்து அதன் பாகங்களிலோ உலோகத்திலோ புதியது பிறந்தால் இ81 உருமாற்றம்: பி124 பழையதை முடிக்கிறது, பி123 புதியதைத் தொடங்குகிறது, பருப்பொருள் தொடர்கிறது, அடையாளம் தொடரவில்லை. அடையாளம் தொடர்ந்தால் இ11 மாற்றியமைப்பு.

ஒடிந்த கையை ஒட்டினால் இ11. களிம்பு போக அமிலத்தால் தேய்த்தாலும் இ11, மேற்பரப்பின் பல நூற்றாண்டுப் படிவே போயிருந்தாலும். உடைந்த திருமேனியை உருக்கி அதே உலோகத்தில் அதே தெய்வத்தை வார்த்தால் இ81. பக்தர்கள் ‘அதே சாமி’ என்பார்கள், அது உண்மையான கூற்று, அதைப் பெயராலும் குடமுழுக்குச் சடங்காலும் பதியலாம். இ22 எண்ணால் பதிய முடியாது. நூற்றாண்டுகளாக அபிஷேகத்தில் முகம் தேய்வது தனி நிகழ்வன்று. ஒரு நாளில் ஒருவர் பார்த்து எழுதிய இ14 நிலை மதிப்பீடாக மட்டும் பதியுங்கள்.

பாகங்களில் தயங்காதவர் இல்லை. நடராசரைச் சுற்றியுள்ள சுடர் வளையமான திருவாசி பல சிலைகளில் தனியே வார்த்துப் பொருத்தப்பட்டது. கழற்றினால் தனியே விற்க முடியும், தனியே காணாமல் போகவும் முடியும். ஆகவே அதற்கு இ22 எண் கொடுங்கள். உடலோடு ஒன்றாக வார்த்த விரிசடைக்குத் தேவையில்லை. ஒடிந்து தனித்துண்டாக வேறிடம் போன நாளில் இ80 பகுதி நீக்கம் பதிந்து அன்று எண் கொடுக்கலாம். பீடத்தில் வெட்டிய எழுத்து இ25, வார்ப்பில் விழுந்த குழி இ26. இரண்டும் பி56 மூலம் சிலையைச் சேரும். பொருளை விட்டுப் பிரிந்து நடமாட முடியாதவை அவை.

பி46 ‘பாகமாகக் கொண்டது’ என்பதற்குக் காலம் கிடையாது. திருவாசி 1930 வரை இருந்தது, பிறகு இல்லை என்ற செய்தியை அது தாங்காது. சேர்ப்புக்கு இ79 (பி110 கூடிய முழுமை, பி111 சேர்ந்த பாகம்), நீக்கத்துக்கு இ80 (பி112 குறைந்த முழுமை, பி113 நீங்கிய பாகம்) என்று இரு முனையிலும் நிகழ்வு வையுங்கள்.

படி 5. படியை மூலத்தோடு இணைப்பது

பொருள்-2 பொருள்-1ஐப் போன்றது. இதற்குச் சரியான உறவு பி130 ‘இயல்புகளைக் காட்டுகிறது’; ஒப்புமை வகையாக ‘வார்ப்புப் படி’ என்று சேர்க்கலாம். இரண்டும் பி65 மூலம் உரு-1ஐக் காட்டுகின்றன. நிகழ்வு-5இல் ஏற்கெனவே பி16 இருக்கிறது. இந்த மூன்று இழையும் போதும்.

செய்யவே கூடாதது, இரண்டுக்கும் நடுவே ‘அதுவே இது’ என்னும் சேம்ஆஸ் உறவை வைப்பது. ஆன்டாலஜிகளை எழுதும் ஆவுல் மொழியில் அது ஒரு தளர்வான இணைப்பன்று. ஒன்றைப் பற்றிச் சொன்ன எல்லாமே மற்றொன்றுக்கும் பொருந்தும் என்ற முழு வாக்குமூலம் அது. போட்ட நொடியில், தரவிலிருந்து தானாக முடிவுகளை எடுக்கும் அனுமான இயந்திரம் ஒரே பொருளுக்கு 10ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டிலும் இரண்டு பிறப்புகளைக் கொடுக்கும். கோயிலிலும் கலிஃபோர்னியாவிலும் ஒரே நேரத்தில் நிறுத்தும். பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்துத் தானாகவே சேம்ஆஸ் போடும் பொருத்தி மென்பொருள்களைக் கோயில் சிலைகள் பக்கமே விடாதீர்கள். ‘நடராசர், செம்பு, சோழர்’ என்ற மூன்று விவரமும் பொருந்தும் சிலைகள் எத்தனையோ.

பெயரும் பாத்திரமும் கைமாறியதை வேறாகப் பதிய வேண்டும். கோயிலில் பொருள்-2 அந்தப் பெயரால் அறியப்பட்டது வரலாற்று உண்மை. அதற்கு இ13 பண்பேற்றம்: பி140 (எதற்கு) → பொருள்-2, பி177 (எந்த உறவு) → பி1 (பெயர்), பி141 (என்ன) → பெயர்-1, பி14 → குழு-1, காலம். உற்சவராக எழுந்தருளச் செய்த சடங்குக்குச் சான்று இருந்தால் அது ஓர் இ7, பி16 மூலம் பயன்பட்ட பொருளைச் சுட்டும். பூசை எந்தச் சிலைக்கு நடந்தது என்று பின்னால் கேட்பவருக்கு அப்போதுதான் நேர்மையான விடை கிடைக்கும்.

படி 6. கையில் இருப்பதும் உரியதாக இருப்பதும்

காப்பு இ10, உரிமை இ8. திருட்டில் காப்பு மாறும், உரிமை மாறாது. ஸ்தபதிக்குக் கொடுத்தது முறையான இ10. அவர் கையிலிருந்து வெளியே போனதும் இ10தான், ‘முறையற்ற கைமாற்றம்’ என்ற வகையோடு. இ8 எங்கும் இல்லை.

பொறி எங்கே இருக்கிறதென்றால், சிஆர்எம்மில் இ96 விலைக்கு வாங்கல் என்ற வசதியான வகுப்பு இருக்கிறது. பி179 மூலம் விலையையும் பதியலாம். 1973இல் பெருந்தொகை கைமாறியது, ஆகவே இ96 என்று கை தானாகப் போகும். ஆனால் இ96 என்பது இ8இன் உட்பிரிவு. அதை எழுதினாலே ‘சட்டப்படி உரிமை மாறியது’ என்று உங்கள் தரவுத்தளம் சாட்சி சொல்லிவிடுகிறது, அதுவும் வழக்கின் மையக் கேள்வியிலேயே. இப்படிச் செய்யுங்கள்: பணம் கொடுத்ததை இ7 செயலாகவும், சிலை வந்ததை இ10 ஆகவும், ‘உரிமை மாறியது’ என்ற வாதத்தை வாதிட்டவர் பெயரால் தனிக் கூற்றாகவும் பதியுங்கள். விலையையும் கூற்றாகவே வையுங்கள். 9 லட்சம் டாலர் என்று சில குறிப்புகளும் 10 லட்சம் என்று சில குறிப்புகளும் சொல்கின்றன. இரண்டையும் அதனதன் ஆதாரத்தோடு எழுதலாம், சராசரி எடுக்கக் கூடாது.

1976 சமரசத்தில் உரிமையும் காப்பும் வெளிப்படையாகவே பிரிந்து நிற்கின்றன. உடன்படிக்கைச் செயல் ஓர் இ7, அதன் ஏடு ஓர் இ31. பத்தாண்டு வைத்துக்கொள்ளும் உரிமை ஓர் இ30: பொருள்-1இலிருந்து பி104, உரிமை உடைய தரப்பிலிருந்து பி75. 1986 திரும்புதல் ஓர் இ10, ஓர் இ9 இடப்பெயர்வு. புதிய இ8 தேவையில்லை, உரிமை அன்று மாறவில்லை.

இந்தியக் கோயில் தரவுக்கே உரிய கேள்வி ஒன்றும் இங்கே எழும். உரிமையாளர் யார், நிர்வாகமா, சாமியா? விக்கிரகம் ஒரு சட்ட ஆள் என்று பிரிவி கவுன்சில் 1925இல் சொல்லிவிட்டது. கோயில் சொத்து சாமி பெயரில் இருப்பது நமக்குப் புதிதன்று. ஆனால் சிஆர்எம்மின் இ39 செயலாளர் என்பது வேண்டுமென்றே செயல்பட்டுப் பொறுப்பேற்கக்கூடிய மனிதரையோ மனிதக் குழுவையோ குறிக்கும். சட்ட ஆள் என்று முன்பு இருந்த இ40 வகுப்பும் 7ஆம் பதிப்பு வரிசையில் விலக்கப்பட்டது. சிலையையே இ39 ஆக்கினால் உரிமையாளரும் உடைமையும் ஒரே முனையாகி, சிலை தன்னைத்தானே திருட்டுக் கொடுத்ததாகத் தரவு படிக்கும். பரிந்துரைக்கத்தக்க வழி: வழக்காடும் நிர்வாகத்தை இ74 ஆக்கி, ‘தெய்வத்தின் சார்பில்’ என்ற பாத்திரத்தைச் செயலில் சேர்த்து, தெய்வத்தின் சொத்துரிமையை இ30 ஆகத் தனியே நிறுத்துங்கள். சட்டத்தின் பார்வையை இது முழுதாகப் பிடிக்கவில்லை என்பதை உங்கள் மாதிரி விளக்க ஏட்டில் ஒரு பத்தியாக எழுதிவையுங்கள். மறைப்பதைவிட அது மேல்.

படி 7. ‘இது அதுதான்’ என்பது ஒரு கூற்று

அடையாளம் பொருளில் இருக்கலாம், ஆனால் அதை அறிவது மனிதர் சான்றுகளிலிருந்து எடுக்கும் முடிவு. 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து கிடைத்து லண்டனுக்குப் போன நடராசர் வழக்கில், லண்டன் சிலையும் பத்தூர்ச் சிலையும் ஒன்றா என்பதே பெருங்கேள்வி. ஒட்டியிருந்த மண், கறையான் தடம், அங்கே கிடைத்த மற்றச் செப்புத்திருமேனிகளோடு ஒப்பீடு எல்லாம் சான்றாக வந்தன. 1988இல் உயர் நீதிமன்றமும் 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயில் பக்கம் தீர்ப்பளித்தன. கான்பெரா தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கிய ஸ்ரீபுரந்தான் நடராசரை அடையாளம் காட்டியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் 1994ஆம் ஆண்டுப் புகைப்படம். 2014இல் சிலை திரும்பியது.

ஆகவே ஒன்றெனச் சொல்வதையும் வேறெனச் சொல்வதையும் சொன்னவர், நாள், சான்று மூன்றோடும் பதியுங்கள். எளிய வழி இ13. பாரெட்டுக்கு: பி140 → பொருள்-2, பி177 → பி2, பி141 → ‘நவீன படி’ என்ற வகை, பி14 → பாரெட், பி4 → 1965. சான்றிலிருந்து முடிவுக்குப் போன பாதையையே காட்ட வேண்டுமென்றால் சிஆர்எம் இன்ஃப் நீட்சி: ஐ5 அனுமானம், ஜே1 மூலம் அடிப்படை நம்பிக்கைகளை எடுத்து, ஜே2 மூலம் ஐ2 நம்பிக்கையைத் தரும், அதன் உள்ளடக்கம் ஜே4, ‘உண்மை’, ‘ஐயம்’ போன்ற மதிப்பு ஜே5. சிறு நூலகத்துக்கு இது பாரம். நீதிமன்றம் வரை போகக்கூடிய சிலைக்கு இதுதான் வேண்டும்.

புகைப்படச் சான்றிலும் அடுக்குகளைக் குழப்பாதீர்கள். நெகட்டிவ் ஓர் இ22, அது காட்டுவது ஓர் இ36, அந்த இ36 பி138 மூலம் சிலையைக் குறிக்கிறது. ஸ்கேன் கோப்பு அதே இ36ஐத் தாங்கும் இன்னொன்று. ஒப்பிடத் தகுந்தவை வார்ப்புக் குழி, சுடரின் வளைவு, ஒடிவு போன்ற தனித்த குறைகள். படி 4இல் அவற்றை இ26 ஆகப் பதிந்திருந்தால் இங்கே சான்றாக நேரே சுட்டலாம்.

ஒரே பதிவாக இருந்தது இரண்டென்று தெரிய வரும்போது செய்ய வேண்டியது: இரண்டு புது எண்கள் எடுங்கள். பழைய எண்ணை எதற்கும் கொடுக்காதீர்கள், ஏனென்றால் வெளியிலிருந்து அதைச் சுட்டியவர்கள் இரண்டில் எதையும் எண்ணியிருக்கலாம். பழைய முகவரி, இரண்டு புதியவற்றையும் காட்டி எப்போது ஏன் பிரிந்தது என்று சொல்லும் நிலையான பக்கமாகட்டும். பிறகு பழைய பதிவின் ஒவ்வொரு கூற்றையும் கையால் பிரியுங்கள். 1951 படம் பொருள்-1க்கு. கோயிலில் 1970இல் எடுத்த அளவு பொருள்-2க்கு. 1956இல் எடுத்த அளவு எதற்கு என்று தெரியவில்லையா? எதற்கும் கொடுக்காமல் பழைய பதிவு ஏட்டின் (இ31) உள்ளடக்கமாகவே நிற்க விடுங்கள். படி 1இல் ஏட்டைப் பொருளிலிருந்து பிரித்ததன் பயன் இது.

ஐயம் இருக்கும்போதெல்லாம் இரண்டாகவே பதியுங்கள். இரண்டை ஒன்றாக்க ஒரு கூற்று போதும். ஒன்றை இரண்டாக்க ஒவ்வொரு வரியையும் மறுபடி படிக்க வேண்டும்.

படி 8. வினவிச் சோதியுங்கள்

தரவை ஏற்றியதும், ஆர்டிஎஃப் தரவை வினவும் மொழியான ஸ்பார்க்கிளில் இந்த வினாக்களை ஓட்டுங்கள்.

இரண்டு இ12 ஆக்கங்கள் உள்ள பொருள் உண்டா? சிஆர்எம் கணக்கில் ஒரு பொருளுக்கு ஓர் ஆக்கம்தான். கட்டங்கள் இருந்தால் பி9 மூலம் அதற்குள் அடங்க வேண்டும். இரண்டு வந்தால் இரு பொருள்கள் கலந்துவிட்டன.

ஆக்கத்தின் கீழ் எல்லைக்கு முன்பே பொருள் கலந்துகொண்ட நிகழ்வு உண்டா? பெரும்பாலும் படியின் மேல் மூலத்தின் வரலாறு ஏறியிருக்கும்.

பொருளின் முழு வரலாற்றை எடுக்கப் பி12 ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். பி25 (நகர்த்தியது), பி31 (மாற்றியமைத்தது), பி92 (இருப்புக்குக் கொண்டுவந்தது), பி93 (இருப்பை முடித்தது), பி16 ஆகியவை அதன் உட்பிரிவுகள், அனுமானம் இயங்கினால் வந்துவிடும். பி24 உரிமை மாற்றமும் பி30 காப்பு மாற்றமும் வராது: கலிஃபோர்னியாவில் சிலை இருக்க, கையெழுத்து டெல்லியில் விழலாம், பொருள் அங்கே இருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டையும் வினாவில் தனியே சேர்க்காவிட்டால் உடைமை வரலாறு முழுவதும் வெளியே நின்றுவிடும், பிழைச்செய்தியும் வராது.

பழைய தரவைக் கலக்கும்போது இ22இன் ஆங்கிலப் பெயர் 7ஆம் பதிப்பு வரிசையில் மாறியதை நினைவில் வையுங்கள். எண் அதேதான், ஆனால் முழு யூஆர்ஐயில் பெயரும் இருப்பதால் பழைய வினா புதிய தரவில் வெறுமையைத் தரும்.

கடைசியாகக் காப்புச் சங்கிலி. ஒவ்வொரு இ10இலும் பெற்றவர் (பி29) அடுத்த இ10இல் கொடுத்தவராக (பி28) இருக்கிறாரா? இல்லையென்றால் நடுவில் ஓர் இடைவெளி. அதை ஊகத்தால் மூடாமல், தொடக்க எல்லை, முடிவு எல்லை, இருபுறப் பெயர்கள் நான்கோடும் பட்டியலாக வெளியே எடுங்கள். சிவபுரத்துக்கு இந்தப் பட்டியலில் முதல் வரி 1950களில் வரும். சிலையைத் தேடுபவர் முதலில் படிக்க வேண்டிய வரியும் அதுதான்.